இன்னும் ஒரு ஈடு

தாம்பரம் ரயில் நிலையம், விடிவதற்குச் சற்று முன். பாண்டியன் வந்து போய்விட்டது. பொதிகை வருகிறது. பின்னாலேயே நெல்லை, முத்துநகர். நடைமேம்பாலம் முழுக்கப் பெட்டிச் சக்கரங்களின் சத்தம். தோளில் தூங்கும் குழந்தைகள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். படிக்குக் கீழே ஆட்டோக்காரர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுகிறார்கள். முடிச்சூர். படப்பை. மண்ணிவாக்கம்.

ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் மேற்கே சண்முகம் சாலை. ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் உள்ள மூன்றடி இடம் மட்டும் விழித்துவிட்டது. கோணி விரிகிறது. கீரைக்கட்டின் மேல் தண்ணீர் விழுகிறது. ஒருவர் மின்னணுத் தராசைத் தட்டித் தட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறார்.

குப்பைத்தொட்டியில் ‘தாம்பரம் நகராட்சி’ என்று இருக்கிறது. அதை அள்ளிப்போகும் வண்டியில் ‘மாநகராட்சி’. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து 70 வார்டு ஆனது வண்டிக்குத் தெரியும். தொட்டிக்கு இன்னும் தகவல் வரவில்லை.

பூக்காரம்மா கூடையின் மேலிருந்து ஈரத்துணியை விலக்குகிறார். மல்லி. கனகாம்பரம் கொஞ்சம். முதல் ஆள் ஓர் இளைஞன். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். ஒரு முழம் கேட்கிறான். கையில் நோட்டு இல்லை. போனை நீட்டுகிறான். கூடையில் சாய்த்து வைத்த அட்டையை அது பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி பேசுகிறது. முப்பது ரூபாய் பெறப்பட்டது.

பூக்காரம்மா அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அதே விரல்களால் பூக்குவியலைத் தொடுகிறார். “போணி ஆயிடுச்சு, நல்லா இரு ராசா.”

யு.பி.ஐ. 2016-இல் வந்தது. ஒற்றிக்கொள்ளும் பழக்கம் அவருடைய பாட்டி காலத்தது.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. பூக்காரம்மாவுக்குக் கை குட்டை. அளந்த பிறகு நாலு விரல் சேர்த்து விடுகிறார். வாங்குகிறவர் பார்க்கும்படி விடுகிறார். முகூர்த்த நாளில் மல்லி விலை எங்கோ போகிறது. அன்றும் அதே முப்பது ரூபாய். நாலு விரலும் அப்படியே. பூவுக்கும் பூவுக்கும் நடுவே நார் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை.

தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி. பெயர்ப்பலகை இல்லை. புருஷனும் பெண்சாதியும். புருஷன் சாம்பார் அண்டாவை இறக்குகிறார். அக்கா கொப்பரைக்கு அடியில் அடுப்பைப் பற்றவைக்கிறார். சிலிண்டர் நீல நிறம், 19 கிலோ. இரண்டு வண்டி தள்ளி இருக்கும் சிலிண்டர் ஒரு சாக்குப்பைக்குள் இருக்கிறது. சாக்கு கிழிந்த இடத்தில் சிவப்பு.

மூடி திறக்கிறது. ஆவி. அக்கா துணியோடு தட்டைக் கவிழ்க்கிறார். கைப்பள்ளத்தில் எடுத்த தண்ணீரைத் தெளிக்கிறார். துணியை ஓர் ஓரத்திலிருந்து உரிக்கிறார். ஏழு இட்லி. நாலு தட்டுக்கு இருபத்தெட்டு. அது ஓர் ஈடு. வண்டியின் தகரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு விழுகிறது.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் வந்தது. அக்கா கைக்கடிகாரம் கட்டுவதில்லை. ரயில் வந்து கூட்டம் மேம்பாலம் ஏறி இறங்கி வருவதற்குள் ஓர் ஈடு இறங்கியிருக்க வேண்டும். இறங்குகிறது. கூட்டம் போன பிறகு தட்டுகளைக் கழுவுகிறார்கள். அடுத்த ரயில். அடுத்த கோடு.

வாடிக்கைக்காரர்கள் எதுவும் கேட்பதில்லை. வந்து நிற்கிறார்கள். தட்டு வருகிறது. ஒருவருக்குச் சாம்பார் மேலே. ஒருவருக்குத் தனிக்கிண்ணத்தில். பள்ளிக்கூடப் பையனுக்குக் காரச்சட்னி இல்லை. வெள்ளைச் சட்டைக்காரருக்கு இலையில் முதலில் பொடி, அதன் நடுவில் ஒரு குழி, குழியில் எண்ணெய். அவர் ஒரு வாரம் வராமல் இருந்து வந்திருக்கிறார். “ஊருக்கா?” என்கிறார் அக்கா. “அப்பாக்கு முடியல” என்கிறார் அவர். ஒரு வடை கூடுதலாக விழுகிறது. கணக்கில் வடை வரவில்லை.

பார்சலுக்கு வாழையிலை, அதன்மேல் பேப்பர், அதன்மேல் நூல். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் மெல்லிய பிளாஸ்டிக் பை கிடையாது. சாம்பார் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து வருகிறது. மெல்லிய கவர், ரப்பர் பேண்ட். தூக்குச்சட்டி கொண்டுவருகிறவருக்கு ஒரு கரண்டி சாம்பார் அதிகம். இப்போது ஆறேழு பேர் தூக்குச்சட்டியோடு வருகிறார்கள்.

ஒன்பதரைக்கு மாவு தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் வருகிறவர்கள் காலிக் கொப்பரையை எட்டிப் பார்க்கிறார்கள். “நாளைக்கு வாங்கண்ணா.” கைவசம் ரவை இருக்கிறது, உப்புமா கிளறலாம் என்கிறார் புருஷன். அக்கா அடுப்பை அணைக்கிறார்.

தகரத்தில் இருக்கும் கோடுகளை எண்ணுகிறார். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுகிறார். 11. முந்தைய தாள்கள் ஒரு கிளிப்பில் இருக்கின்றன. 11, 11, 10, 11, 14, 11. பத்துக்குப் பக்கத்தில் ‘ம’. மழை. பதினாலுக்குப் பக்கத்தில் ‘ஞா’. சில தாள்களில் ‘லீ’. பள்ளி லீவு. ஒவ்வொரு தாளிலும் மிச்சம் என்ற இடத்தில் ஒரு கழித்தல் கோடு. மூன்று வாரமாக அதே கோடு.

அடுத்த திங்கட்கிழமை தாளில் 12.

கறுப்புத் தோல்பை மாட்டிய ஒருவர் பைக்கை நிறுத்துகிறார். தண்டல்காரர். பையில் பாஸ்புக் அளவு அட்டைகள். ஒவ்வொன்றிலும் நூறு கட்டம். அட்டையில் எழுதுவது பத்தாயிரம். கையில் கொடுப்பது எட்டாயிரத்து ஐநூறு. தினம் நூறு ரூபாய், நூறு நாள்.

அவர் நாலு இட்லி சாப்பிடுகிறார். தினமும் ஒரே கேள்வி. “என்னக்கா, ஒரு பத்து எழுதட்டுமா?”

தினமும் ஒரே பதில். “காரச்சட்னி வைக்கட்டுமாண்ணா?”

நாற்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்புகிறார். அந்தத் தெருவில் அவர் பணம் கொடுத்துவிட்டுப் போகும் இடம் இது ஒன்றுதான்.

வண்டியின் உள்பக்கம் லேமினேட் செய்த அட்டைகள் தொங்குகின்றன. ஒன்று உணவுப் பாதுகாப்புப் பதிவு. இன்னொன்று தெரு வியாபாரி அட்டை. அதன் பின்னால் மடித்துச் செருகிய வங்கிக் காகிதம். 2020-இல், கொரோனா ஊரடங்கு தளர்ந்த நேரத்தில், தெரு வியாபாரிகளுக்கென்று வந்த ஸ்வநிதி கடன். பழைய கணக்கில் முதலில் 10,000. ஒழுங்காகக் கட்டினால் 20,000. அதையும் கட்டினால் 50,000. முதல் கடனில் கொப்பரை வந்தது. இரண்டாவதில் சாய்க்கிற கிரைண்டர். அது வீட்டில் இருக்கிறது. மூன்றாவதுக்கு மனுத்தாள் வாங்கி வைத்திருக்கிறார்கள். தாள் வெறுமையாக இருக்கிறது. அதன் மேல் பொடி டப்பா.

வண்டிக்குப் பின்னால் ஒரு கடை. பத்துக்குப் பத்து. பளபளவென்று கண்ணாடி முகப்பு. பேனரில் ஸ்ட்ராவோடு ஒரு பெரிய கிளாஸ், நீல நிறத்தில் ஏதோ. மொஜிட்டோ.

திறப்பு விழா அன்று பலூன் வளைவு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். வரிசை பூக்கூடை வரைக்கும் நிற்கிறது. போனைக் குச்சியில் மாட்டிய இருவர் வந்து கிளாஸைத் தூக்கிப் பிடித்துப் பேசுகிறார்கள். உரிமையாளர் இளைஞர். புதுச் சட்டை. அப்பாவும் அம்மாவும் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்திருக்கிறார். மகனுக்குத் தாகம் எடுக்கும் என்று.

இரண்டாம் வாரம் இலவசம் இல்லை. வரிசையும் இல்லை.

மூன்றாம் மாதம் மொஜிட்டோவோடு மோமோவும் சேர்கிறது. பிறகு சாண்ட்விச். பிறகு போன் கவர். ஒவ்வொரு முறையும் பேனர் மாறுகிறது. கடை ஏழு மணிக்கும் திறக்கிறது, பதினோரு மணிக்கும் திறக்கிறது. ஒருவர் வந்து கண்ணாடிக்குள் பார்க்கிறார். உள்ளே போன் வெளிச்சத்தில் ஒரு முகம். பார்த்தவர் போய்விடுகிறார். முகம் நிமிரவில்லை.

தண்டல்காரரின் பைக் இட்லி வண்டியிலிருந்து கிளம்பி ஆறடி தள்ளி நிற்கிறது. கண்ணாடிக் கதவு திறக்கிறது. அட்டையில் ஒரு கட்டம் நிரம்புகிறது. சில நாள் திறப்பதில்லை. பைக் நின்றே இருக்கிறது.

அதே கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல்காரர். ஒரு மெரிட் மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு டியூப்லைட். நிமிர்ந்தால் தலையில் படி இடிக்கும். அவர் நிமிர்வதில்லை. ஆல்டரேஷன் மட்டும். ஜிப் மாற்றுவது, பேன்ட் சுருக்குவது, புடவைக்கு ஃபால் வைப்பது.

பின்னால் இருக்கும் பத்துக்குப் பத்து முன்பு அவருடையது. பேனர்களைக் கிழித்தால் அடியில் கையால் எழுதிய சுவர் எழுத்து வரும். பாதிப் பெயர் அழிந்துபோய் ‘டெய்லர்ஸ்’ மட்டும் நிற்கிறது. நாலு மெஷின், மூன்று பையன்கள். ரெடிமேட் வந்தது. பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மூன்று மெஷினை விற்றார். படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தார். ரெடிமேடில் எல்லாருக்கும் ஏதாவது ஓர் இடம் தொளதொளவென்று இருக்கிறது. அவர்கள் படிக்கு அடியில் வருகிறார்கள்.

சாயங்காலம் சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்திலிருந்து பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். அந்த மண்டலம் 1984-இல் வந்தது. சிலர் அங்கேயே நாள் முழுக்கத் தைக்கிறவர்கள். தங்கள் சுடிதாரைச் சுருக்க இவரிடம் கொடுக்கிறார்கள். அவர் துண்டுத்தாளில் அளவு எழுதிக் குண்டூசியால் துணியோடு குத்துகிறார்.

“எப்பண்ணா?”

“வியாழக்கிழமை.”

“புதன்கிழமை தர முடியாதாண்ணா?”

“வியாழக்கிழமைம்மா.”

வியாழக்கிழமை துணி மடித்து இருக்கிறது. இஸ்திரி போட்டு.

எதிர்ச்சாரியில் நாலு மாடித் துணிக்கடை. ஏ.சி. காற்று கதவைத் தாண்டித் தெருவுக்கு வருகிறது. கவுன்டர்களுக்குப் பின்னால் ஒரே நிறச் சேலையில் பெண்கள் நிற்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்தது. இருக்கை வந்திருக்கிறது. கவுன்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

முடிச்சூர் சாலையில் ஒரு மளிகைக்கடை. அண்ணாச்சி கடை. சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது மேலே வந்துவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்து நின்ற அளவு.

கோட்டுக்குக் கீழே விளக்குமாறு, பிளாஸ்டிக் வாளி, பினாயில், தேங்காய். கோட்டுக்கு மேலே அரிசி, பருப்பு, சர்க்கரை. எல்லாவற்றுக்கும் மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், கடன் நோட்டு.

அந்த வருடத்து நோட்டு தண்ணீரில் போனது. தண்ணீர் வடிந்த பிறகு பாதிப்பேர் தாங்களாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். அண்ணாச்சி சொன்னதை எழுதிக்கொண்டார். மீதிப்பேர் இப்போது பக்கத்துத் தெரு வழியாகப் போகிறார்கள்.

‘கடன் கேட்காதீர்’ என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழே ஒரு பெண் நிற்கிறார். அரை லிட்டர் எண்ணெய், கால் கிலோ துவரை. அண்ணாச்சி எதுவும் பேசாமல் நோட்டை எட்டி எடுக்கிறார். பேனாவுக்கு நூல் கட்டியிருக்கிறது. எழுதி முடித்துத் தொகையை வாய்விட்டுச் சொல்கிறார். அந்தப் பெண்ணும் சொல்கிறார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நோட்டு மேலே போகிறது. கறிவேப்பிலை ஒரு கொத்து பையில் விழுகிறது. அதற்கு எழுத்து கிடையாது.

வாசலில் ஷாம்பு சாஷே சரம் தொங்குகிறது. சிக், கிளினிக் பிளஸ், மீரா. 1983-இல் கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு வீட்டுத் தொழிலிலிருந்து பிரிந்து வந்து சிக் போட்டார். இன்று கவின்கேர். ஷாம்பு பாட்டில் வாங்க முடியாதவர்கள் வாங்கி வாங்கி வளர்ந்த கம்பெனி. அண்ணாச்சி சரத்தைக் கத்தரியால் வெட்டுகிறார். ஒன்று வெட்டும்போது மற்றவை ஆடுகின்றன.

சில நிமிடத்தில் மளிகை கொண்டுவந்து தரும் கம்பெனிச் சட்டையில் ஒரு பையன் வண்டியை நிறுத்துகிறான். முதுகில் பெரிய பை. பை நிறைய யாருக்கோ மளிகை. “அண்ணாச்சி, ஷாம்பு ரெண்டு, பிஸ்கட் ஒண்ணு.” சில்லறை தேடுகிறான். போன் மணி அடிக்கிறது. நேரமாகிறது. “அப்புறம் குடு தம்பி.” நோட்டில் புதிதாக ஒரு பக்கம் திறக்கிறது. பெயருக்குப் பதிலாகச் சட்டையின் நிறம்.

அண்ணாச்சியின் போனிலும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. குரல்பதிவு. ஒரு பாட்டி. “போன தடவ குடுத்தியே, அந்தப் புளி வேணாம். அதுக்கு மொதத் தடவ குடுத்தது.” அண்ணாச்சி எழுந்து போய் மூன்றாவது டப்பாவைத் திறக்கிறார். கடைப்பையன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை மிதிக்கிறான்.

மறுபடி சண்முகம் சாலை. நடுப்பகல். “வண்டி” என்று யாரோ சொல்கிறார்கள். உரக்கச் சொல்லவில்லை. ஒரே நொடியில் கோணிகள் இரண்டடி பின்வாங்குகின்றன. ஸ்டூல்கள் கவிழ்கின்றன. தெரு அகலமாகிறது. தெருவியாபாரிகளுக்கான சட்டம் 2014-இல் வந்தது. அட்டை கழுத்தில் தொங்குகிறது. கை கோணியை இழுக்கிறது. மாநகராட்சி லாரி மெதுவாகப் போகிறது. முன்சீட்டுக்காரர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். திருப்பத்தில் லாரி மறைகிறது. கோணிகள் இரண்டடி முன்னே வருகின்றன. பூக்காரம்மா மட்டும் இடம் மாறவே இல்லை. அவர் முதலிலேயே இரண்டடி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

ஐப்பசி மழை. கண்ணாடிக் கதவில் ‘வாடகைக்கு’ என்று வெள்ளைத்தாள். உள்ளே தரையில் ஸ்ட்ரா கட்டுகள்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. பழைய டிரங்க் ரோடு முழுக்கப் பழைய சாமான். மிக்ஸி, மேசைவிசிறி, கிளிக்கூண்டு, செடி, சைக்கிள், ஒற்றை ஷூ. நடுவில் ஓர் ஐஸ் உடைக்கும் மெஷின். புதுசு மாதிரியே இருக்கிறது. ஸ்டிக்கர்கூட உரியவில்லை. பக்கத்தில் நாலு உயரமான ஸ்டூல். விற்கிறவர் சொல்லும் விலைக்கும் வாங்குகிறவர் சொல்லும் விலைக்கும் நடுவே பெரிய தூரம். பேசிப் பேசிச் சாயங்காலத்துக்குள் ஒரு கரும்புச்சாறுக்காரர் மெஷினை எடுத்துப் போகிறார். ஸ்டூல் இரண்டை ஒரு சலூன்காரர்.

இட்லி வண்டிக்குப் புதிய கூரை வந்திருக்கிறது. தடித்த பிளெக்ஸ். மழை அதன்மேல் படபடவென்று விழுகிறது. ‘மாபெரும் திறப்பு விழா’ தலைகீழாகத் தெரிகிறது. நீல கிளாஸின் ஸ்ட்ரா வழியாகத் தண்ணீர் வடிகிறது. அடியில் பதினைந்து பேர் நின்று சாப்பிடுகிறார்கள். தாளில் 12. பக்கத்தில் ‘ம’ இல்லை.

கட்டடத்துக்காரர் குடையோடு வருகிறார். இரண்டு இட்லி சாப்பிடுகிறார். கை கழுவிவிட்டுப் பேசுகிறார். “எத்தன நாளைக்கும்மா மழையில நிப்பீங்க? கடைய எடுத்துக்குங்க. பதினெட்டாயிரம். அட்வான்ஸ் பத்து மாசம். உங்களுக்குன்றதால எட்டு மாசம்.”

சாவியை வைத்துவிட்டுப் போகிறார். மதியம் இருவரும் உள்ளே போகிறார்கள். புருஷன் ஸ்விட்சைத் தட்டுகிறார். ஃபேன் சுற்றுகிறது. அதன் கீழே கொஞ்ச நேரம் நிற்கிறார். சுவரைத் தடவிப் பார்க்கிறார். “இங்க கொப்பர. அங்க நாலு டேபிள். மேல பேரு போட்டுக்கலாம்.”

அக்கா வாசலில் நின்று தெருவைப் பார்க்கிறார். உள்ளே இருந்து மேம்பாலம் தெரியவில்லை. ஒரு தூண் மறைக்கிறது. ரயில் கூட்டம் இறங்கி நேராக வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து பிரிகிறது. கடை வாசலுக்கு வர ஆறடி திரும்ப வேண்டும்.

நாட்காட்டித் தாள் ஒன்றை எடுக்கிறார். சுவரில் வைத்து எழுதுகிறார்.

“பதினெட்டாயிரம்னா நாளைக்கு அறநூறு. ஒரு இட்லில நமக்கு நிக்கிறது மூணு ரூவா.”

“ம்.”

“எரநூறு இட்லி. ஏழு ஈட்டுக்கு மேல வாடகைக்கே போவுது. நாம போடறது பன்னெண்டு.”

“உக்கார எடம் இருந்தா கூட்டம் கூடும்ல.”

“உக்காந்தா எந்திரிக்க மாட்டாங்க.”

ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. புருஷன் இன்னொரு முறை மேலே பார்க்கிறார். ஸ்விட்சை அணைக்கிறார்.

சாவி கட்டடத்துக்காரர் வீட்டுக்குப் போகிறது. கூடவே ஒரு பார்சல், எட்டு இட்லி, கெட்டிச் சட்னி. காசு வாங்கவில்லை. வண்டி நிற்கும் இடம் அவருடைய கட்டடத்து நிழலில் இருக்கிறது.

பொடி டப்பாவுக்கு அடியில் இருந்த மனுத்தாள் நிரம்புகிறது. ‘கடன் எதற்காக’ என்ற இடத்தில் அக்கா நேரம் எடுத்துக்கொள்கிறார். இரண்டாவது கொப்பரை என்று எழுதுகிறார்.

பத்துக்குப் பத்து அதிக நாள் காலியாக இருக்கவில்லை. வேறொருவர் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வேலையை விட்டு வந்தவர், பி.எஃப். பணம். கண்ணாடிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பிரியாணி. திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. முதல் நூறு பேருக்குப் பாதி விலை.